ஆப்ப சோடா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மூன்று வாரமாகப் போன் இல்லை. அப்பா ஒன்றும் கேட்பதில்லை, நானும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பூஜை அறைக்குப் போனாலும் இரண்டு பேரும் போனைக் கையிலேயே எடுத்துப் போகிறோம். சின்னத் தாத்தா வீட்டு வழக்கு ஒருவழியாக முடிந்தது, விவரம் பிறகு.

போன தடவை நீ முற்றத்துத் தொட்டியில் போட்டுவிட்டுப் போன ஹைட்ரில்லா நீர்ச்செடி மண்டிவிட்டது. பீரோவில் பழைய பிஎச் தாள் ஒரு சுருள் கிடந்தது, தண்ணீர் அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டுமே, அது. காரம் ஏற ஏற பச்சை நீலமாகும். காலை ஆறு மணிக்கு ஒரு துண்டைக் கிழித்துத் தொட்டியில் நனைத்தேன். பச்சை. பிற்பகல் மூன்று மணிக்கு நனைத்தேன், நல்ல நீலம். நான்கு நாளாகப் பார்க்கிறேன், வெயில் இருந்தால் இப்படித்தான். பகலெல்லாம் செடி தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனை இழுத்துக்கொள்கிறது, தண்ணீரில் காரம் ஏறுகிறது. இலையை விரலால் தடவினால் நறநறவென்று சுண்ணாம்பு.

ராத்திரி அதிகம் கண் விழிக்காதே. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் பத்தாம் வகுப்புப் புனல் சோதனை ஞாபகம் இருக்கிறதா? முகவைத் தண்ணீரில் நீர்ச்செடியைப் புனலால் மூடி வெயிலில் வைத்து, ஆக்சிஜன் குமிழி வருவதைப் பார்ப்போமே, அது. முகவைத் தண்ணீரில் நான் ஆப்ப சோடா போட்டதும் குமிழிகள் வேகமாக வந்தன. நீ எழுந்து நின்று, "செடிக்கு வேண்டியது கரியமில வாயுதானே, இது உப்பாயிற்றே, இது எப்படி உள்ளே போகும்?" என்று கேட்டாய். "புத்தகத்தில் இருப்பதை எழுது, அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்" என்றேன். மணி அடிக்கும் வரை உன்னை நிற்க வைத்தேன். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பதில் தெரியாது. அதுதான் உண்மை. 27 வருடம் தாவரவியல் நடத்தியவளுக்கு, சொந்த மகள் கேட்டபோது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது தெரியும், நீ அனுப்பிய கட்டுரைகளால்தான். பிஎச் எட்டாக உள்ள தண்ணீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் கரியமில வாயு. மற்றதெல்லாம் ஏறக்குறைய பைகார்பனேட், ஆப்ப சோடா கரைந்தால் வருவதும் அதுதான். அந்த இரண்டு பங்கும் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மூழ்கிக் கிடக்கும் இலைக்கு இலைத்துளையும் கிடையாது. இரண்டே செல் அடுக்கு உள்ள அந்த இலை என்ன செய்கிறது! அடிப்புறத்தில் அமிலத்தன்மை தரும் புரோட்டான்களை வெளியே தள்ளி, தன்னை ஒட்டியிருக்கும் நீர்ப்படலத்தை அமிலமாக்கிக்கொள்கிறது. பைகார்பனேட் அங்கேயே கரியமில வாயுவாக மாறிச் செல்லுக்குள் போகிறது. மேற்புறம் காரமாகிச் சுண்ணாம்பு படிகிறது. கரியமில வாயுவைச் சேர்த்துச் செறிவாக்கக் கரும்பு இரண்டு வகைச் செல்களை வைத்துச் செய்கிற வேலையை, கோடையில் கரியமில வாயு வற்றிய தண்ணீரில் ஹைட்ரில்லா ஒரே செல்லுக்குள் செய்துவிடுகிறது என்று நீதான் போனில் ஒரு மணி நேரம் சொன்னாய். பாதி புரியவில்லை. ஆனாலும் மறுநாள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு நீ அவ்வளவு தூரம் போய்விட்டாய். ஆனால் அந்த வகுப்புக்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. முடிந்த பிறகுதான் சொல்வாய். ஆய்வுக்கு இடம் கிடைத்ததைக்கூட டிக்கெட் வாங்கிய பிறகுதான் சொன்னாய். அப்போது கோபித்துக்கொண்டேன். நல்ல செய்தி இருந்தால் மட்டும் அம்மாவிடம் பேசலாம் என்று உன்னைப் பழக்கியவள் நான்தான் என்பது, ஈரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி அருகில் நின்றபோதுதான் உறைத்தது.

உன் அத்தை மகன் உன் ஆய்வகத்தைப் பற்றி ஏதோ சொன்னான். பாதியிலேயே வேறு பேச்சுக்கு மாற்றிவிட்டேன். நீ சொல்லாததை இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு விருப்பமில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். மாலையில் நீலமாக இருக்கும் தாள் விடிந்தால் மறுபடி பச்சையாகிவிடுகிறதே, அது இரவில் செடி சுவாசித்து விடும் கரியமில வாயுவாலா, காற்றிலிருந்து வந்து கரைவதாலா? இரண்டும் என்றால் எது அதிகம்? ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து சொல். பதில் தெரியாவிட்டாலும் போன் செய்.

சாப்பிடு.

அம்மா