கார் விளம்பரத்தின் நிபந்தனைகளைத் தமிழில் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை, தீபாவளி நெருங்கினாலே நம் நாளிதழின் முதல் பக்கத்தை மறைத்துக்கொண்டு முழுப்பக்கக் கார் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. 'ரூ.1 லட்சம் வரை சலுகை', 'உங்கள் பழைய காருக்கு உச்ச விலை', 'ரூ.6.49 லட்சம் முதல்' என்று கொட்டை எழுத்தில், நல்ல தமிழில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு நட்சத்திரக் குறி. அதற்கு விளக்கம் எங்கே என்று தேடினால், பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் நாலு வரி, அதுவும் ஆங்கிலத்தில். சலுகையைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு நிபந்தனையை மட்டும் ஏன் தமிழில் சொல்லத் தெரியவில்லை என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். டீலர்களிடம் கேட்பதற்கு முன்னால் உங்களிடம் கேட்கிறேன், ஏனென்றால் அது அச்சாவது உங்கள் பக்கத்தில்.

முதலில் அந்த 'ஒரு லட்சம் வரை' எப்படி வருகிறது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு, ரொக்கத் தள்ளுபடி 30 ஆயிரம், பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் வாங்கினால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30 ஆயிரம், பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் ஸ்கிராப் போனஸ் 25 ஆயிரம், குறிப்பிட்ட கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு கார்ப்பரேட் தள்ளுபடி 15 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் ஒரு லட்சம் வந்துவிடும். ஆனால் ஒரே பழைய காரை எக்ஸ்சேஞ்சுக்கும் கொடுத்து உடைக்கவும் கொடுக்க முடியுமா? முடியாது. அப்படியானால் அந்த முழு ஒரு லட்சத்தை வாங்கக்கூடிய ஆள் ஊரிலேயே ஒருவர்கூட இருக்க முடியாது. அதோடு ரொக்கத் தள்ளுபடி பெரும்பாலும் போன வருஷம் தயாரித்து ஸ்டாக்கில் தேங்கிய வண்டிக்கும், யாரும் கேட்காத நிறத்துக்கும்தான். இதெல்லாம் ஷோரூமுக்குள் போய் உட்கார்ந்து காபி குடித்த பிறகுதான் தெரியவரும்.

'முதல்' என்ற விலையும் இப்படித்தான். அது அடிப்படை மாடலின் எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் பதிவுச் செலவும் சேராத விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுட்கால சாலை வரி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். 8 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் 1,04,000 ரூபாய். 9.95 லட்சம் என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டுப் போய், மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று இரட்டை வண்ணம் கேட்டு விலை 10.10 ஆகிவிட்டால் வரி 13-லிருந்து 18 சதவீதத்துக்குத் தாவிவிடும். சுமார் 52 ஆயிரம் கூடுதல். 10 லட்சத்தைத் தாண்டியதால் அரசுக்காக ஷோரூமே முன்கூட்டி வசூலிக்கும் டி.சி.எஸ். வரி ஒரு சதவீதம் தனியாக (இது வருமான வரிக் கணக்கு காட்டும்போது திரும்பக் கிடைக்கும், ஆனால் இதைச் சொல்லும் விற்பனையாளரை நான் பார்த்ததில்லை). மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும், அதனால் எல்லாம் சேர்த்த ஆன் ரோடு விலையை விளம்பரத்தில் போட முடியாது என்று டீலர்கள் சொல்வார்கள். தொலைக்காட்சி விளம்பரத்துக்கு அது பொருந்தலாம். திருச்சிப் பதிப்பில், திருச்சி ஷோரூமின் பெயரும் போன் நம்பரும் போட்டு வரும் விளம்பரத்துக்கு எப்படிப் பொருந்தும்? இங்கே வாங்குகிறவர் கட்டப்போவது தமிழ்நாட்டு வரி ஒன்றுதானே.

இப்போது என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். இப்படிப் பலரிடமும் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் இதில் பேப்பர் ஒவ்வொன்றையும் நானே பார்த்தேன். ஷோரூமின் பெயரைச் சொல்லவில்லை, வழக்கு நடக்கிறது.

நம் நாளிதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனான். 2014-ஆம் வருஷத்துச் சின்ன கார் ஒன்று, மாமனார் பெயரில் இருந்தது, அவர் ஓட்டுவதை நிறுத்தியதும் இவனுக்குக் கொடுத்துவிட்டார். ஷோரூமிலிருந்து மதிப்பீடு செய்பவர் வீட்டுக்கே வந்தார். பானெட்டைத் திறந்து, டயரைத் தடவி, பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டரை ஒவ்வொரு கதவிலும் வைத்துப் பார்த்து, சர்வீஸ் பில்களைப் போட்டோ எடுத்து, 2 லட்சத்து 40 ஆயிரம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனஸ் 30 ஆயிரம் தனி. ஆர்.சி. என்ற பதிவுச் சான்றையும் அவர்தான் போட்டோ எடுத்தார், அதில் மாமனார் பெயர் தெளிவாக இருந்தது. ஊரில் ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கும் ஒருவர் அதே காருக்கு 2.35 கையில் தருகிறேன் என்றார். போனஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஷோரூமுக்கே சரி என்று சொன்னான்.

புது வண்டியின் டெலிவரி அன்று மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்தார். பழைய கார் 2.05-தான் போகும் என்றார். டிக்கிக் கதவில் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறதாம், மார்க்கெட்டும் இறங்கிவிட்டதாம். மாமனார் ரத்த சொந்தம் கிடையாது, அதனால் எக்ஸ்சேஞ்ச் போனஸும் வராது, கம்பெனி விதி என்றார். டிக்கிக் கதவிலும் பெயின்ட் மீட்டரை வைத்துப் பார்த்துத்தானே 2.40 என்று சொன்னார்கள்? ஆர்.சி.யைப் பார்த்துத்தானே போனஸ் 30 ஆயிரம் என்றார்கள்? பதில் இல்லை. கிட்டத்தட்ட 65 ஆயிரம் ரூபாய் அந்த மேஜையில் காணாமல் போனது.

அப்போது வேண்டாம் என்று எழுந்து வர முடியாதா என்று படிப்பவர்கள் கேட்கலாம். முடியாது, அங்கேதான் விஷயமே இருக்கிறது. அதற்குள் வங்கிக் கடன் ஷோரூம் கணக்குக்குப் போய்விட்டது. இன்சூரன்ஸ் எடுத்தாகிவிட்டது. சாலை வரி கட்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அவன் பெயரில் பதிவும் முடிந்து நம்பர் வந்துவிட்டது. வெளியே வீட்டுக்காரர்கள் பூமாலையோடு நிற்கிறார்கள், நல்ல நேரம் முடியப்போகிறது. இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன பேரம் பேச முடியும்? பழைய காரின் விலையைக் கடைசி நாள்வரை புக்கிங் படிவத்தில் எழுதித் தராமல் வைத்திருப்பது மறதியால் நடப்பது என்று நான் நம்பவில்லை.

கொட்டேஷனில் இருந்த மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி. வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலையிலேயே அடங்கியிருக்கும்போது இது எதற்கு என்று கேட்டதும் அடித்துவிட்டார்கள். கேட்காதவர் கட்டுகிறார். அப்புறம் மிதியடி, சீட் கவர், மட்கார்டு என்று ஆக்சஸரீஸ் பேக்கேஜ், அது 'கட்டாயம்' என்று வாய்வழியாக. இன்சூரன்ஸை வெளியில் எடுத்தால் தள்ளுபடி கிடையாது என்று ஒரு மிரட்டல். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி, எங்களிடம்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம், அது சரி. கோவை மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது, நல்ல உத்தரவு. ஆனால் எந்தக் கம்பெனியில், யார் மூலம் எடுப்பது என்பது வாங்குபவரின் விருப்பம். இன்னொன்று, கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கான என்.சி.பி. தள்ளுபடி காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றாலும் அதைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம், ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால் நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் சொந்த சேதப் பிரீமியத்தில் பாதி குறையும். எக்ஸ்சேஞ்சில் வண்டி கொடுக்கும் எத்தனை பேருக்கு ஷோரூமில் இதைச் சொல்கிறார்கள்?

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது பழைய வண்டியின் பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள், தேதி கிடையாது, வாங்குபவர் பெயர் கிடையாது. வண்டி அங்கிருந்து ஏதோ ஒரு புரோக்கரிடம் போய், இன்னொருவர் கைக்குப் போய், மாதக்கணக்கில் நம் பெயரிலேயே ஓடும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதற்காகவே மத்திய அரசு விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் அரசின் இணையப் போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும், அதன்பின் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று வைத்திருக்கிறது. அருமையான விதி. என் தம்பி ஷோரூமில் 29சி என்று கேட்டபோது அந்தப் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. மாமனாருக்கு இன்றுவரை அந்த வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாது, போலீஸ் சலான் மட்டும் அவர் போனுக்கு வருகிறது. எழுபது வயதைத் தாண்டியவர், ஒவ்வொரு முறை போன் சத்தம் கேட்கும்போதும் பதறுகிறார்.

அங்கே வேலை பார்க்கும் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாத டார்கெட், அதை முடித்தால்தான் இன்சென்டிவ், வாடிக்கையாளர் கத்தினால் முன்னால் நிற்பதும் அவர்கள்தான். புதுக் காரில் லாபம் குறைவு, இன்சூரன்ஸ், கடன், ஆக்சஸரீஸ் இவற்றில்தான் பிழைக்கிறோம் என்று டீலர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். அப்படியென்றால் தேவையானதை விலையிலேயே போட்டு வெளிப்படையாக வாங்குங்கள், கொடுக்கிறோம். சொன்ன விலையை டெலிவரி அன்று மாற்றுவதற்கு அது காரணமாகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்கிறது தெரியுமா? விளம்பரத்தில் உள்ள நிபந்தனைக் குறிப்பு, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும், முக்கியமான தகவலை மறைப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. தமிழ் விளம்பரத்துக்கு ஆங்கிலத்தில் பொடி எழுத்து என்பதே விதிக்கு எதிரானது. தவறான விளம்பரம் என்று முடிவானால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தொழில்முறையில் விளம்பரத்தை வெளியிடும் பத்திரிகைக்கு அந்த அபராதத்திலிருந்து சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது, ஆணையம் நிறுத்தச் சொன்னது தெரிந்தும் வெளியிட்டால் மட்டுமே சிக்கல். ஆகவே உங்கள் மேல் சட்டக் குற்றம் எதையும் நான் சுமத்தவில்லை. ஆனால் உங்கள் நாளிதழில் வந்தது என்பதால்தான் என் தம்பி நம்பினான், இதே வரியை ரோட்டில் கொடுக்கும் நோட்டீஸில் பார்த்திருந்தால் இரண்டு தடவை யோசித்திருப்பான்.

அவன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தான். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறான். 50 லட்சம் வரையிலான வழக்கு அங்கேதான், 5 முதல் 10 லட்சம் விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவனுக்குக் கையில் பலமாக இருப்பது மூன்று பேப்பர்கள்: தேதி தெரியும்படி வெட்டி வைத்த விளம்பரம், சேல்ஸ் எக்சிக்யூட்டிவ் கையெழுத்துப் போட்ட முதல் கொட்டேஷன், அந்த வாட்ஸ்அப் செய்தியின் பிரிண்ட். கார் வாங்கப் போகிறவர்கள் பழைய வண்டியின் விலை, போனஸ், அது யார் பெயரில் இருந்தால் செல்லும், எந்தத் தேதிவரை செல்லும் என்பதையெல்லாம் புக்கிங் படிவத்திலேயே எழுதி, ஷோரூம் சீல் வாங்கிய பிறகுதான் கடனை விடுவிக்கச் சொல்லி வங்கிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி கொடுக்கும்போது தேதியும் நேரமும் கிலோமீட்டரும் போட்டு ஒப்படைப்பு ரசீது ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். கார் விளம்பரத்தின் நிபந்தனைகள் தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் இருந்தால்தான் வெளியிடுவோம் என்று உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு விதி வைத்துக்கொள்ளட்டும். உள்ளூர் ஷோரூம் விளம்பரங்களில் குறைந்தது ஒரு மாடலுக்காவது ஆன் ரோடு விலையைப் போடச் சொல்லுங்கள். அப்புறம், மாவட்ட நுகர்வோர் ஆணையங்களில் வரும் கார் ஷோரூம் வழக்குகளின் தீர்ப்புகளை நிருபர்களை அனுப்பித் தொடர்ந்து எழுதுங்கள், விளம்பரம் கொடுக்கிறவர்கள் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

விளம்பரத்தின் நகலையும், பெயர்களை மறைத்த கொட்டேஷன், கடைசி பில் இரண்டின் நகல்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். விளம்பரம் வந்த தேதி அதிலேயே இருக்கிறது. அதன் அடியில் உள்ள நாலு வரியை உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.