குடும்ப மனநல ஆலோசனைத் திட்டத்தில் அந்தரங்கம் காக்கப்படாதது குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: ஆலோசனை விவரங்களை வேறு நபருக்கு அனுப்பியது, கேட்ட மொழியில் ஆலோசகர் தராதது, சந்தாவைத் திருப்பித் தரக் கோருவது

ஐயா / அம்மா,

‘எல்லா வயதினருக்கும்’ என்று நீங்கள் விளம்பரம் செய்யும் குடும்பத் திட்டத்தில் ஆண்டுச் சந்தா 14,999 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். மாமியாருக்கு 74 வயது. மாமனார் போனதிலிருந்து சரியான சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. மகளுக்கு 20 வயது, கல்லூரிக் கடைசி ஆண்டு. இருவருக்கும் யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டியிருந்தது. வீட்டில் இருக்கும் என்னிடம் பேச முடியாததைப் பேசத்தான் வெளியாள் வேண்டும் என்று பணம் கட்டினேன். கடைசியில் இருவர் விஷயமும் என்னிடமே வந்து சேர்ந்தது.

பதிவுப் படிவத்தில் மாமியாரின் மொழி தமிழ் என்று குறித்திருந்தேன். வீடியோவில் வந்த ஆலோசகருக்குத் தெரிந்தது இந்தியும் ஆங்கிலமும். மாமியாருக்கு அல்சூர் மார்க்கெட்டில் கீரைக்குப் பேரம் பேசும் அளவுக்குக் கன்னடம் வரும், மற்றதெல்லாம் தமிழ்தான். வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லட்டும் என்றார் ஆலோசகர். அப்போது வீட்டில் இருந்தது மருமகளாகிய நான் மட்டும். “வீட்டில் உங்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள்” என்றார். கேட்டேன். மாமியார் என் முகத்தைப் பார்த்தார், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எனக்கென்னம்மா குறை, நல்லா இருக்கேன்னு சொல்லு” என்றார். நானும் சொன்னேன், ஆலோசகரும் குறித்துக்கொண்டார். அந்த முக்கால் மணி நேரமும் இதே கதைதான். என்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு நாலு குறை இருக்கும், எந்த வீட்டில் இல்லை? அதை என்னையே வைத்துக்கொண்டா சொல்வார்? பெங்களூரில் தமிழ் தெரிந்த ஆலோசகர் கிடைக்கவில்லை என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள். தமிழர்கள் நிறைந்த அல்சூரில் யார் காதில் விழுந்தாலும் சிரிப்பார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகள் விஷயத்தில் நடந்ததைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அவள் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசகரிடம் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் என் வாட்ஸ்அப்பில் ‘அமர்வுச் சுருக்கம்’ என்று ஒரு செய்தி வந்தது. திறக்கவே வேண்டியிருக்கவில்லை, முதல் சில வரிகள் போன் திரையிலேயே தெரிந்தன. அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். எனக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவள் அடுத்த அமர்வை ரத்து செய்துவிட்டாள். இனி எந்த ஆலோசகரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இதற்கு உங்கள் தரப்புப் பதில்: கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சுருக்கம் போகும், தனியாக வேண்டுமென்றால் தனிச் சந்தா கட்டிக்கொள்ளலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை மனநோய் உள்ளவருக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. சந்தா கட்டியவர் என்பது அதில் இல்லை. உங்கள் மகளுக்கு நோய் இல்லையே, இது வெறும் ஆலோசனைதானே என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லக்கூடும். சரி, அப்படியே இருக்கட்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(47) பிரிவுப்படி, நுகர்வோர் நம்பிச் சொன்ன சொந்த விவரத்தைச் சட்ட அனுமதியில்லாமல் இன்னொருவருக்கு வெளியிடுவது முறையற்ற வணிக நடைமுறை. பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையைப் பெறுகிறவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். அதாவது, என் மகள்.

பணம் வாங்காமலேயே இதைச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், இதே ஊரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஒருங்கிணைக்கும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. 14416-ஐ அழைத்தால் 24 மணி நேரமும் இலவசம், எந்த மொழி என்று முதலிலேயே கேட்கிறார்கள். மாமியார் இப்போது அதில்தான் பேசுகிறார், தமிழில், கதவைச் சாத்திக்கொண்டு. என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சந்தாத் தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். நடந்த அமர்வுகளுக்குக் கழித்துக்கொள்வோம் என்று சொல்ல வேண்டாம், அவற்றால் பயனில்லை, கெடுதல்தான். மகளின் பதிவுகளை என் கணக்கிலிருந்து நீக்குங்கள். உங்கள் அலுவலகத்தில் அவற்றை யார் யார் பார்த்தார்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். மற்றக் குடும்பங்களுக்கும் இப்படி அனுப்புவதை நிறுத்திவிட்டீர்களா என்பதையும் அறிய விரும்புகிறேன். எங்கள் அடுக்ககத்திலேயே இதே திட்டத்தில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வழக்கெல்லாம் உங்கள் தலைமையகம் இருக்கும் ஊரில்தான் என்று நிபந்தனைகளில் போட்டிருக்கிறீர்கள். நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

பணம் பற்றிய பதிலை எனக்கு அனுப்பலாம். மகளின் பதிவுகள் பற்றிய பதிலை அவளுக்கு மட்டும் அனுப்புங்கள். அவளுடைய மின்னஞ்சல் முகவரியைப் பதிவின்போதே கட்டாயமாகக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
சந்தாதாரர்
அல்சூர், பெங்களூரு