பெயர் கேட்க மறந்துபோன தம்பிக்கு

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று, ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்துவைக்கும் இடம்) சுத்தம் செய்து தருவதாகச் சொன்ன ஓர் இலவச மென்பொருளை நம்பினேன். ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் என்றது. 'எல்லாவற்றையும் சரிசெய்' என்று ஒரே அமுக்கு. அப்புறம் விண்டோஸ் திறக்கவே இல்லை, பிழை காட்டும் நீலத்திரைதான். அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதற்குள்.

சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், திறந்துகூடப் பார்க்காமல் "ஃபார்மட் பண்ணணும் சார்" என்றார்கள். பிரிண்டர் இங்க் வாங்க வந்து நின்ற நீங்கள்தான், "இருங்கண்ணே, டேட்டா எங்கயும் போயிருக்காது" என்றீர்கள்.

உங்கள் பென்டிரைவில் இருந்த லினக்ஸில் (விண்டோஸ் அல்லாத வேறோர் இயங்குதளம்) கணினியைத் தொடங்கி, என்னை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கவைத்து, முதலில் படங்களை நகலெடுத்தீர்கள். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று பிடிவாதம் வேறு. (பிடிவாதக்காரர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அன்று பிடித்தது.)

ரெஜிஸ்ட்ரியின் நகல் விண்டோஸின் ரெக்பேக் (RegBack) ஃபோல்டரில் இருக்குமே என்று அரைகுறையாகக் கேட்டேன். திறந்து காட்டினீர்கள்: எல்லா ஃபைலும் 0 பைட், வெறும் காலி. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்த நகல் தானாக எடுக்கப்படுவதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. நல்லவேளை, கணினியின் பழைய நிலையைச் சேமித்துவைத்த ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் மிச்சமிருந்தது. மீட்புத் திரையில் சிஸ்டம் ரீஸ்டோர் கொடுத்து நீங்கள் காத்திருந்தபோது நான் மூச்சே விடவில்லை. பழைய டெஸ்க்டாப் வந்தது.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தீர்கள், அதுவும் பாதி. ரொம்ப நன்றி தம்பி. உங்கள் பென்டிரைவ் என்னிடமே இருக்கிறது.