காட்டாமணக்கு நடுவதற்கு முன் தாய்மரத்தைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காடாகிப்போன தேயிலை மலைகளில் காட்டாமணக்கு (ஜட்ரோபா) நட்டு, டீசலுக்குப் பதிலாக அதன் எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக வரிசையில் கிடந்தவர்களுக்கு இந்த யோசனை பிடிக்கத்தான் செய்யும். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எத்தனை ஏக்கரில் நடுவது, யார் காசு கொடுப்பது என்றெல்லாம் எழுதியவர், எந்த மரத்து விதையை நடுவது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இந்தப் பயிரின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

மலைநாட்டுக்காரர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. விதை போட்டு வளர்த்த பழைய சீட்லிங் தேயிலையில் கொழுந்து எடுத்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார்: பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு செடியில் ஒன்று அள்ளிக் கொடுக்கும், மற்றது நாலு கொழுந்தோடு நின்றுவிடும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் நல்ல செடிகளைத் தனித்தனியாகக் குறித்து, கொழுந்தை நிறுத்து, தண்டு வேர் பிடிக்கிறதா என்று பார்த்து, வருடக்கணக்கில் கழித்து மிஞ்சியதைத்தான் தண்டு ஊன்றி வளர்க்கும் வீ.பி. தேயிலை என்று நம் கையில் கொடுத்தார்கள். அந்த நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்ற வகைகள் எல்லாம் அசாமிலிருந்து வந்த ஒரே தாய்ச்செடியின் வழி வந்தவை. தாயைத் தேடியதற்குக் கிடைத்த பலன் அது.

நம் காட்டாமணக்கோ இன்னும் சீட்லிங் காலத்திலேயே நிற்கிறது. மாடு கடிக்காது என்று வேலியில் ஊன்றினோமே தவிர, காய்ப்புக்காக நம் பக்கத்தில் யாரும் அதைத் தேர்ந்து வளர்த்ததில்லை. அதன் பூங்கொத்து ஒன்றைக் கையில் எடுத்து விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு சிறு கிளையின் நடுவிலும் கொஞ்சம் பெரிதாக இருப்பது பெண் பூ. சுற்றிலும் நெருக்கியடித்து நிற்பதெல்லாம் ஆண் பூ. ஒரு பெண் பூவுக்கு 20, 30 ஆண் பூ என்பது சாதாரணம். காய் பிடிப்பது பெண் பூவில் மட்டும்தான். இந்தக் கணக்கு மரத்துக்கு மரம் வேறுபடும். ஆகவே பெண் பூ கூடுதலாக உள்ள மரம்தான் முதலில் கண்ணில் பட வேண்டிய மரம்.

அதற்காகக் காய்த்துக் குலுங்கும் மரத்தையெல்லாம் தாய் என்று எடுத்துவிட முடியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சாக்கடைக் கான் ஓரத்திலும் மாட்டுப்பட்டிக்குப் பின்னாலும் நிற்கும் மரம் எப்போதும் நன்றாகத்தான் காய்க்கும். அந்த விளைச்சல் உரத்தாலும் தண்ணீராலும் வந்தது, பிள்ளைக்குப் போகாது. அதனால் ஒரு மரத்தை அதே வயதில், அதே மண்ணில் நிற்கும் அக்கம்பக்கத்து மரங்களோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரு வருடக் கணக்கு போதாது, மூன்று வருடமாவது வேண்டும். காய்கள் ஒரே நேரத்தில் பழுக்காது. பச்சையும் மஞ்சளும் கறுப்புமாக ஒரே கொத்தில் தொங்கும். ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் பை வைத்து, பல தடவை பறித்து, காயவைத்து நிறுக்க வேண்டும். அப்புறம் நூறு விதையின் நிறை, எண்ணெயின் அளவு. விதையில் 30 முதல் 35 சதவீதம் எண்ணெய் இருக்கும் என்கிறார்கள், ஆனால் ஒரே நிறையுள்ள இரண்டு மரத்து விதையிலும் எண்ணெய் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

தாயைக் கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. தேனீ எந்த வேலி மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்ததோ, அதுதான் தகப்பன். தகப்பனையும் நாமே தெரிவு செய்ய வேண்டுமென்றால், பூ விரிய முன் ஆண் மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, கொத்துக்குத் துணிப்பை கட்டி, பெண் பூ விரிந்ததும் நாம் விரும்பும் மரத்து மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். அதில் வரும் விதையைத் தாய் வாரியாகப் பிரித்து, வரிசை வரிசையாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சோடை போனால் அந்தத் தாய் எவ்வளவு அழகாகக் காய்த்தாலும் கழித்துவிட வேண்டியதுதான்.

நல்ல மரத்தில் கம்பு வெட்டி ஊன்றினால் போதாதா என்று கேட்பார்கள். கம்பு சுலபமாக வேர் பிடிக்கும், சரி. ஆனால் அதில் ஆணிவேர் இறங்காது. மண்சரிவுக்குப் பேர்போன நம் சரிவுகளில் ஆணிவேர் இல்லாத மரத்தை நடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம்தான் இந்தச் செடியின் பிறந்த இடம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவை பெரும்பாலும் ஒரே சாயல் என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வேலிகளுக்குள் மட்டும் தேடினால் தெரிவுக்கு இடம் குறைவு. பிறந்த இடத்து விதைகளையும் வரவழைக்க வேண்டும். மெக்சிகோவில் நஞ்சில்லாத வகைகளும் இருக்கின்றன. இங்குள்ள விதையைத் தின்றால் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் வரும். லயத்துக்குப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் நடுவதற்கு முன் இதை யோசிக்காமல் இருக்க முடியுமா? அதோடு இது குளிருக்கும் தண்ணீர் தேங்கும் மண்ணுக்கும் ஒத்துவராத மரம். குளிரான நுவரெலியாவை விட்டுவிடலாம். ஊவா மாகாணத்தின் தாழ்ந்த, வறண்ட பக்கத்தில் முயன்று பார்க்கலாம்.

இந்தியாவில் 2003இல் தேசியத் திட்டமே போட்டார்கள். 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்பதாக இலக்கு. அது நிறைவேறவில்லை. தேர்ந்தெடுக்காத விதையைப் பரவலாக நட்டதும் அதற்கு ஒரு முக்கிய காரணம். எங்கள் பகுதியிலும் சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பு லொறியில் நாற்று கொண்டுவந்து கொடுத்தது. எந்த மரத்து விதை என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் இலையாகத் தழைத்தன, காய் இல்லை. நட்ட குடும்பங்கள் விறகுக்கும் உதவாது என்று பிடுங்கிப் போட்டன. அந்த நிலத்தில் அவர்கள் மரக்கறி போட்டிருக்கலாம்.

ஆகவே இந்தத் திட்டத்துக்குக் காசு ஒதுக்குகிறவர்களிடம் உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்கிறேன். முதல் மூன்று வருடம் நாற்று விநியோகமே வேண்டாம். பதுளை, பசறை, மாத்தளைப் பக்கத்து வேலி மரங்களுக்கு நம்பர் போட்டு, பறித்து, நிறுத்து, கணக்கு எழுதும் வேலையைத் தோட்டத்து இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு கொடுங்கள். அந்தக் கணக்குப் புத்தகங்களை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்,
பசறை.