நகரசபைக்காகவும் பேசுங்கள்: லோகன் கணபதி அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லோகன் கணபதி அவர்களுக்கு,

2006இல் ஒன்ராறியோ மாகாணத்தின் மார்க்கம் நகரில் 7ஆம் வட்டாரத்தில் நீங்கள் வென்றபோது, கனடாவில் நகரசபைக்குத் தெரிவான முதல் தமிழர் என்ற பெருமை உங்களுக்குக் கிடைத்தது. இரவு வேலை, பகல் வேலை என்று ஓடிக்கொண்டிருந்த சனத்துக்கு, 'எங்கட ஆள் ஒருத்தர் உள்ளுக்கு இருக்கிறார்' என்பது பெரிய தெம்பு. அந்த நன்றி இன்றும் இருக்கிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நகரசபை உறுப்பினரின் வேலை வீட்டு வாசலில் தொடங்குகிறது. பனி தள்ளும் வண்டி தெருவைத் துப்புரவாக்கிவிட்டு, டிரைவ்வே வாயில் முழங்கால் உயரத்துக்குப் பனியைக் குவித்துவிட்டுப் போகும். வேலைக்குப் போக வேண்டியவர் காரை எடுக்க முடியாமல் நிற்பார். உடனே போன் அடிப்பது வட்டார உறுப்பினருக்குத்தான். பேஸ்மென்ட் வாடகை, பூங்கா விளக்கு, பக்கத்து வீட்டு வேலி எல்லாம் அங்கேதான் போகும். இதைப் பன்னிரண்டு வருடம் செய்தவர் நீங்கள்.

அந்தச் சபையில் கட்சி இல்லை, கொரடா இல்லை. யார் எதற்குக் கை தூக்கினார் என்பதை எல்லாரும் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் நேரே போய் முகத்துக்கு முன்னால் கேட்கலாம்.

2018 ஜூனில் நீங்கள் மார்க்கம்–தோர்ன்ஹில் தொகுதியில் வென்று மாகாண சட்டமன்றமான குயின்ஸ் பார்க் போனீர்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ரொறன்ரோ நகரசபையின் 47 வட்டாரங்களை 25 ஆக்கப்போவதாக முதல்வர் டக் போர்ட் அறிவித்தார். வேட்பாளர்கள் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்த நேரம் அது. மார்க்கம் அடங்கிய யோர்க் பிராந்தியத்தின் தலைவரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்ய இருந்த தேர்தலும், வட்டாரங்களைக் குறைத்த அதே சட்டத்தோடு இல்லாமல் போனது. மார்க்கம் மக்கள் போட இருந்த ஒரு வாக்கு அப்படியே பறிபோனது. ரொறன்ரோ வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் 5க்கு 4 என்று மாகாணத்தின் பக்கம் தீர்ந்தது. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி நகரசபைகள் மாகாணத்தின் கைக்குள் இருப்பவை, அது சரி. அப்படியென்றால் அவற்றுக்காகப் பேச வேண்டிய இடமும் மாகாண சட்டமன்றம்தானே?

அப்புறம் 2022இல் பில் 23 என்ற மாகாணச் சட்டம் வந்தது. புதிய கட்டடங்களிலிருந்து நகரங்களுக்கு வரும் அபிவிருத்திக் கட்டணங்களை அது குறைத்தது. வீடு வேண்டும், விரைவாக வேண்டும். எங்கள் பிள்ளைகள் மார்க்கத்தில் வாங்க வழியில்லாமல் தூரம் போகிறார்கள். ஆனால் அந்தக் காசில்தான் வடிகாலும் வீதியும் வருகின்றன என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரிந்தவர் நீங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது 2023இல் மார்க்கத்துக்கு வந்த 'வலுவான மேயர்' அதிகாரம். மாகாணத்தின் முன்னுரிமைகளுக்கு உதவும் பைலோ (நகரசபை விதி) என்று மேயர் கொண்டுவந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆதரவு இருந்தால் போதும். மார்க்கம் சபையில் மேயரோடு சேர்த்து 13 பேர். 5 பேர் ஆதரித்தால் நிறைவேறும், மற்ற 8 பேரும் எதிர்த்தாலும். அந்த எட்டுப் பேரையும் தெரிவுசெய்து அனுப்பியது நாங்கள்தான். நீங்கள் 7ஆம் வட்டாரத்துக்காக அங்கே இருந்த காலத்தில், பெரும்பான்மையோடு வாக்களித்துவிட்டுத் தோற்றுப்போய் வந்திருந்தால் அடுத்த நாள் போன் எடுத்தவர்களுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

கட்சிக் கூட்டத்தில் இதையெல்லாம் நீங்கள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அறைக் கதவு எங்களுக்குப் பூட்டித்தான் இருக்கிறது. 2022இலும் 2025இலும் உங்களைத் திரும்பவும் அனுப்பியவர்கள் நாங்கள். கட்சிக்கு எதிராகக் கொடி பிடியுங்கள் என்று கேட்கவில்லை.

இரண்டே விஷயம் கேட்கிறேன். 13 பேர் சபையில் 5 பேரின் வாக்கு போதும் என்பதை நீங்கள் ஏற்கிறீர்களா, இல்லையா என்று சட்டமன்றத்தில் எழுந்து சொல்லுங்கள். ஏற்கிறீர்கள் என்றால் காரணத்தையும் சொல்லுங்கள். அடுத்த முறை நகரசபைகளைத் தொடும் சட்டமூலம் வரும்போது, கடைசி வாக்கெடுப்புக்கு முன்பே மார்க்கத்தில் ஒரு பொதுக்கூட்டம் வையுங்கள். சனம் வரும், கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர் நீங்கள்.

இப்படிக்கு,
மார்க்கம் வாக்காளர் ஒருவர்