வர்ண வாடை ஆகாத மகளுக்கு

கண்ணம்மா,

மசக்கையில் பெயிண்ட் வாடையே பிடிக்கவில்லை, பிரஷ்களைக் கட்டி மேலே போட்டுவிட்டேன் என்று போனில் சொன்னாய். சொல்லும்போதே உன் குரல் கம்மிவிட்டது. அப்போதிருந்து எனக்கு, துணியிலேயே மனித உருவங்களைத் தைக்கிற பீசா பட்லர் நினைப்புதான்.

நியூ ஜெர்சியில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். அப்பா கானா நாட்டுக்காரர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர். அவருக்கும் பிள்ளை உண்டாகியிருந்தபோதுதான் வர்ண வாடை ஒத்துக்கொள்ளாமல் போனது. துணிக்கு மாறினார். உடம்பு முடியாமல் கிடந்த பாட்டிக்காக, பாட்டி தாத்தாவின் கல்யாணப் போட்டோவைப் பார்த்து 2001-ல் அவர்களைத் துணியிலேயே தைத்துக் கொடுத்தார்.

அவர் தைத்தவற்றைக் காட்டி நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் மிஷின் மிதித்த எனக்கே மலைப்பாக இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று குறித்துக்கொள்கிறார். ஒரு கன்னத்துக்கே எத்தனை துண்டு! பட்டு, வெல்வெட், லேஸ், பளிச்சென்ற பூவேலை அச்சடித்த ஆப்பிரிக்க வாக்ஸ் பிரிண்ட் துணி. நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, எல்லாவற்றையும் சேர்த்து மேலே தையல். மூக்கோர நிழல்கூடத் துணிதான். தோலுக்குப் பழுப்பைத் தேடவில்லை அவர். ஊதா, நீலம், ஆரஞ்சு, சிவப்பு. முகம் உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கிறது.

அந்தப் போட்டோக்களில் இருக்கும் பலருக்குப் பெயர்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்குத்தான் ராஜ உடுப்பு போடுகிறார். எனக்கு நெஞ்சு அடைத்தது 'சேஃப்டி பேட்ரோல்' என்று அவர் தைத்ததைப் பார்த்தபோது. சாலை ஓரத்தில் ஏழு குழந்தைகள். முன்னால் நிற்கும் பையன் இரண்டு கையையும் விரித்து மற்றவர்களைத் தடுத்துக் காக்கிறான். உங்கள் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்தான் அதை வாங்கியிருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போய்ப் பார். கிட்டப் போய்ப் பார்.

இந்த வேலைக்குப் பின்னால் நீண்ட வம்சம் இருக்கிறது, கண்ணம்மா. ஹாரியட் பவர்ஸ் 1837-ல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளை ஒரு குயில்ட்டில், அதாவது துண்டுத் துணிகளை அடுக்கித் தைக்கிற போர்வையில், தைத்தார். கஷ்டம் வந்து 1891-ல் அதை விற்கப் போனபோது பத்து டாலர் கேட்டார், ஐந்துதான் கிடைத்தது. விற்ற பிறகும் வாங்கியவரிடம் பலமுறை போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பெற்றவள் மனசு எனக்குப் புரிகிறது. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தைக்க வந்த துணிகளில் மிஞ்சிய பிட்டுகளை நிறம் நிறமாகப் பிரித்துக் கட்டியிருக்கிறேன். உன் சின்ன வயசுப் பாவாடைப் பட்டும் அதில் இருக்கிறது. மாப்பிள்ளையின் நண்பர் அடுத்த மாதம் கிளம்புகிறாராமே, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ரசம் சாதமாவது உள்ளே இறங்குகிறதா என்று எழுது.

அம்மா