11 நிமிட சான் சிரோ: சுற்றுலா நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் இத்தாலி பேக்கேஜில் வந்த குழுவில் நாங்களும் இருந்தோம். மிலானில் நடந்ததை உங்கள் டூர் மேனேஜர் சொல்லியிருப்பார், வாட்ஸ்அப் குழுவில் தேவையான அளவு சண்டையும் ஆகிவிட்டது, அதனால் முழுக் கதை இங்கே வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். சான் சிரோ கால்பந்து அரங்கத்துக்குள் அழைத்துப் போங்கள். முடியாதென்றால் பயணத் திட்டத்தில் இருக்கும் 'பார்வையிடல்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

பேருந்து அங்கே நின்றது 11 நிமிடம். என் போனில் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே பதிவாகியிருக்கும் நேரம் அது. அதில் அப்பா படி இறங்கவே 3 நிமிடம் ஆனது (முழங்கால் தேய்மானம் என்று உங்கள் படிவத்தில் எழுதித்தான் கொடுத்திருந்தோம்). மெதுவாக நடந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரையைத் தாங்கும் அந்தச் சிவப்பு உத்தரங்களையும், மூலைகளில் நிற்கும் உருண்டைக் கோபுரங்களையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஓமாம் பியிக் கோல் போட்டது எந்தப் பக்கம்மா?" என்றார். எனக்கென்ன தெரியும்? உங்கள் மேனேஜரைக் கேட்டேன். "மேடம், டைம் ஆச்சு, அவுட்லெட் போகணும்" என்றார்.

அப்பாவுக்கு இத்தாலி என்றால் பீசா கோபுரம் இல்லை. 1990 ஜூன் 8தான். இதே சான் சிரோவில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினா மாரடோனாவோடு இறங்குகிறது, எதிரே கேமரூன். நம்மூர் நேரம் இரவு ஒன்பதரைக்கு அடுத்த வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர் இன்றும் அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. 67வது நிமிடத்தில் கேமரூனின் ஓமாம் பியிக் ஆளுயரத்துக்கு எகிறி முட்டிய பந்து, கோல்கீப்பர் கையில் பட்டும் நிற்காமல் உள்ளே உருண்டது. அதற்குச் சில நிமிடம் முன்னால்தான் அவருடைய அண்ணனைச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்புறம் இன்னொருவரும் போய், 9 பேரோடு ஆட்டத்தை முடித்த கேமரூன் 1-0 என்று ஜெயித்தது. எங்கள் வீட்டில் இது ராமாயணம் மாதிரி, எல்லோருக்கும் மனப்பாடம். அந்த மைதானத்துப் புல்லை அப்பா ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை பேக்கேஜ்களில் உங்களுடையதைத் தேடிப் பிடித்தேன். உங்களுடையதில்தான் 'சான் சிரோ பார்வையிடல்' என்று இருந்தது.

சரி, இன்னொரு வருடம் போய்க்கொள்ளலாமே என்பீர்கள். முடியுமா? 1926ல் திறந்த அரங்கம் அது. ஏசி மிலானும் இன்டரும், ஒரே ஊரின் இரண்டு பகையாளிகள், 1947லிருந்து ஒரே வீட்டில் மாறி மாறிக் குடியிருக்கிறார்கள். இரண்டு அணிக்கும் ஆடிய மெயாட்சாவின் பெயரைத்தான் 1980ல் அதற்கு வைத்தார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் நகர மன்றம் அதை அந்த இரண்டு கிளப்புகளுக்கே விற்க ஒப்புக்கொண்டது. பக்கத்திலேயே புதிது கட்டிவிட்டு, பழையதில் பெரும்பகுதியை இடிக்கப் போகிறார்கள். 1955ல் எழுந்த இரண்டாம் அடுக்குக்கு 70 வயது நிறைந்தால் பாரம்பரியப் பாதுகாப்பு வந்துவிடும் என்று, அதற்குச் சில நாள் முன்பாகவே அவசரமாகப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. இடிப்பவர்களுக்கும் அவசரம், உங்களுக்கும் அவசரம்.

அவுட்லெட் கடைகளில் எவ்வளவு நேரம் தெரியுமா? 3 மணி நேரம். ஒரு முழு ஆட்டம், கூடுதல் நேரம், பெனால்டி, கோப்பை கொடுப்பது வரை பார்த்துவிட்டு ஒரு காபியும் குடித்திருக்கலாம். யோசித்துப் பார்த்தால் கொலோசியத்தையும் வெளியிலிருந்துதான் காட்டினீர்கள், பீசாவும் வெளியிலிருந்துதான், தோல் பை விற்கும் கடை ஒன்றை மட்டும் நாங்கள் முழுதாக உள்ளே போய்ப் பார்த்தோம், அங்கே உட்கார நாற்காலிகூடப் போட்டிருந்தார்கள். காலை ஐந்தரைக்கு எழுப்பி, ஆறரைக்குப் பெட்டியை வெளியே வைக்கச் சொல்லி, ஓடு ஓடு என்று துரத்தியதெல்லாம் அந்த நாற்காலிக்காகத்தானா?

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன்.

டுவோமோ பேராலயத்தில் எங்களுக்கு 2 மணி நேரம் சொந்த நேரம் கொடுத்தீர்கள். அங்கிருந்து சிவப்பு மெட்ரோவில் லொட்டோ, இறங்கி ஊதா வழித்தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் அரங்கம். நாங்களே போயிருப்போம். மதியம் நீங்களே காட்டப் போகிறீர்களே என்று நம்பித்தான் புறாக்களைப் படம் எடுத்துக்கொண்டு நின்றோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. (அம்மா கேட்கச் சொல்கிறார், அதற்குத் தனி மின்னஞ்சல் வரும்.) அடுத்த குழுவிலும் இப்படி ஒருவர் வருவார். டிக்கெட் வாங்கினால் உடை மாற்றும் அறை, இருக்கை வரிசை, புல்தரை ஓரம் வரை சுற்றிக் காட்டுகிறார்கள். அந்தச் செலவையும் கட்டணத்தில் சேர்த்துச் சொல்லுங்கள், தருகிறோம். அவுட்லெட்டில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து உள்ளே அழைத்துப் போங்கள். இல்லையென்றால் 'பேருந்திலிருந்து இறங்கி வேலியைப் பிடித்தல்' என்றே திட்டத்தில் போட்டுவிடுங்கள், வருகிறவர்கள் தெரிந்து வரட்டும்.

அடுத்த குழு கிளம்புவதற்குள் பதில் அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன். எந்தப் பக்கத்து கோல் என்று உங்கள் மேனேஜருக்கு இதற்குள் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பேருந்தில் கடைசியாக ஏறியவரின் மகள்